பூட்டிய அறைகளும் வெளியார் கண்களும்

மலேசியாவின் குருண், பீடோங், ஜெனியாங் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் நோயாளிகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பல தலைமுறைகளாக லயத்து வீடுகளுக்குள்ளேயே அடங்கியிருந்தது. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் டிரஸ்ஸர் மருந்து கொடுத்தார். பால்மரம் வெட்டப் போன தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றனர். படுக்கையில் விழுந்த கிழவியையும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளையையும் வீட்டுப் பெண்களே குளிப்பாட்டி, சோறூட்டி, துணி மாற்றிப் பராமரித்தனர். அதைப் பொற்காலம் என்று கருத வேண்டியதில்லை. டிரஸ்ஸர், கிராணி, மண்டோர் ஆகியோரின் அதிகாரத்துக்கு எதிராக வாய் திறக்கத் தொழிலாளிக்கு வழி குறைவாகவே இருந்தது. வீட்டுக்குள் நடந்த அத்துமீறல் மானத்துக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே மூடி மறைக்கப்பட்டது. ஆயினும் இயலாத ஓர் உடலைத் தொட்டுப் பராமரிப்பவர் யார் என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருந்தது. பலகைச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு முனகல் கேட்டால் என்னவென்று விசாரிக்க ஆளிருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் வந்தபின், இளையவர்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் பினாங்குக்கும் வேலை தேடிப் போய்விட, பராமரிப்பும் வீட்டைவிட்டு வெளியேறி நிறுவனங்களின் கைக்குச் சென்றுகொண்டிருக்கிறது. அரசு மருத்துவமனையின் படுக்கைப் பிரிவு, தனியார் முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு இல்லம், ஆதரவற்ற குழந்தைகள் இல்லம், மனநலக் காப்பகம் எனப் பல வடிவங்களில் இவை இயங்குகின்றன. மலேசியாவின் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 506, நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இடத்தையும், கட்டணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பராமரிப்பு மையமாகக் கருதி, அது சமூகநல இலாகாவிடம் பதிவு பெற வேண்டும் என்று விதிக்கிறது. ஒரு தாமானின் வரிசை வீட்டில் ஆறு முதியவர்களை வைத்துப் பார்க்கும் சிறிய இல்லமும் ஆகவே சட்டத்தின் பார்வைக்கு உட்பட்டதுதான். அந்தப் பார்வை நடைமுறையில் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதைப் பொறுத்தே உள்ளிருப்பவரின் பாதுகாப்பு அமைகிறது.

பராமரிப்பு இடங்களில் நிகழும் பாலியல் வன்முறை என்றதும் வன்புணர்ச்சி ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் குளிப்பாட்டும்போதும் உள்ளாடை மாற்றும்போதும் தேவையின்றித் தொடுவது, மருத்துவப் பரிசோதனை என்ற பெயரில் உடலைத் துழாவுவது, ஆடையின்றிப் படம்பிடிப்பது, ஆபாசக் காட்சிகளைப் பார்க்கவைப்பது, ஆபாசமாகப் பேசுவது, ஒரு நோயாளியை இன்னொரு நோயாளியின் இச்சைக்கு விட்டுவிட்டுப் பாராமுகமாக இருப்பது ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பாதிக்கப்படுவோர் பெண்கள் மட்டுமே என்ற எண்ணமும் தவறானது; சிறுவர்களும் ஆண் முதியவர்களும் பாதிக்கப்படுகிறார்கள், அவர்கள் வாய்திறப்பது இன்னும் அரிது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய நோயாளி என்று மருத்துவ உலகம் குறிப்பிடுவது ஒருவரது குணத்தையோ மனத்திடத்தையோ பற்றியதன்று. மயக்க மருந்தின் கீழ் இருப்பது, பக்கவாதத்தில் பேச்சிழப்பது, மறதிநோயால் நேற்றையதை இன்று சொல்ல முடியாமற் போவது, அறிவுத்திறன் குறைபாட்டால் நடந்தது குற்றம் என்றே அறியாமலிருப்பது, உணவுக்கும் மருந்துக்கும் மலஜலம் கழிப்பதற்கும் மற்றொருவரையே நம்பியிருப்பது ஆகியவற்றால் உண்டாகும் நிலைமை அது. திடகாத்திரமான ஒரு தோட்டத் தொழிலாளியும் ஓர் அறுவைச் சிகிச்சையின் ஒரு மணி நேரத்துக்கு அந்த நிலைமைக்கு வந்துவிடுகிறார்.

இதனால்தான் இசைவு என்னும் சட்டக்கருத்து இங்கே சிறப்பாக விளக்கப்பட வேண்டியதாகிறது. மலேசியத் தண்டனைச் சட்டத்தில் வன்புணர்ச்சியை வரையறுக்கும் 375ஆவது பிரிவு, தான் எதற்கு இணங்குகிறாள் என்பதன் தன்மையையும் விளைவையும் புரிந்துகொள்ள முடியாத நிலையிலுள்ள பெண்ணின் இசைவை இசைவாக ஏற்பதில்லை. அவள்மீதுள்ள அதிகாரத்தையோ, தொழில்முறை உறவையோ, நம்பிக்கையின் அடிப்படையிலான வேறு உறவையோ பயன்படுத்திப் பெறப்பட்ட இசைவும் அப்படியே. மருத்துவர், தாதி, பராமரிப்பாளர், இல்லத்தின் உரிமையாளர் ஆகியோர் இந்த வரையறைக்குள் வரக்கூடியவர்கள். பெண்ணின் மனநலக் குறைபாட்டையோ உடற்குறைபாட்டையோ அறிந்தே அக்குற்றத்தைச் செய்தவருக்கு 376ஆவது பிரிவு 30 ஆண்டு வரையிலான சிறைத்தண்டனைக்கு வழி வகுக்கிறது. ‘அவள் மறுக்கவில்லையே’ என்ற வாதம் பராமரிப்பு இல்லத்தில் எடுபடக் கூடாது என்பதே இவ்விதிகளின் உட்கிடை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது குற்றம் எப்படி ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது என்பதற்கான விடையை, வெளிச்சத்துக்கு வந்த வழக்குகளே தருகின்றன.

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் இயங்கிய 20 இல்லங்களில் அரச மலேசியப் போலீஸ் படை ஒரே நேரத்தில் சோதனை நடத்தி, ஒன்று முதல் 17 வயது வரையிலான 402 குழந்தைகளை மீட்டது. ‘ஓப் குளோபல்’ எனப் பெயரிடப்பட்ட இந்நடவடிக்கை பிற மாநிலங்களுக்கும் பின்னர் விரிந்தது. ஜிஐஎஸ்பி ஹோல்டிங்ஸ் என்னும் வணிகக் குழுமத்தோடு தொடர்புடையவை என்று போலீசார் கூறிய அந்த இல்லங்களில், பராமரிப்பாளர்கள் சிறார்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினர் என்றும், சமய முறையிலான சிகிச்சை என்ற பெயரில் உடலைத் தொட்டனர் என்றும், நோயுற்ற குழந்தைகள் நிலைமை முற்றும்வரை மருத்துவரிடம் கொண்டுசெல்லப்படவில்லை என்றும் அன்றைய போலீஸ் படைத் தலைவர் ரசாருடின் உசேன் செய்தியாளர்களிடம் தெரிவித்தார். குழுமம் முதலில் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அதன் தலைவர்கள் சிலர்மீது திட்டமிட்ட குற்றக் கும்பலுக்கான சட்டப்பிரிவின் கீழ் பின்னர் வழக்குத் தொடுக்கப்பட்டது.

அந்தச் செய்தியில் நாட்டை உலுக்கியது எண்ணிக்கை. பராமரிப்பைப் பற்றிச் சிந்திப்பவர் நின்று கவனிக்க வேண்டிய செய்தி வேறொன்று: சிகிச்சை மறுக்கப்பட்டதும் வன்முறை மறைக்கப்பட்டதும் ஒரே செயலின் இரு பக்கங்கள். குழந்தையை வெளி மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் அதன் உடலை இன்னொருவர் பார்ப்பார், கேள்வி கேட்பார், எழுதிவைப்பார். ஆகவே வெளியாரின் கண் படாமல் பார்த்துக்கொள்வதே குற்றவாளியின் முதல் வேலையாகிறது. இல்லம் தர்ம காரியமாகவோ சமயத் தொண்டாகவோ தோற்றமளிக்கும்போது, நன்கொடை கொடுப்பவரும் வாசலோடு திரும்பிவிடுகிறார். உள்ளே போய்க் கேட்பது நம்பிக்கையின்மை ஆகிவிடுமோ என்று கூசுகிறார்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய ஒரு நிகழ்வு 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளிப்பட்டது. விழுப்புரம் மாவட்டம் விக்கிரவாண்டிக்கு அருகிலுள்ள குண்டலப்புலியூரில், ஆதரவற்றோரையும் மனநோயாளிகளையும் வைத்திருந்த அன்புஜோதி ஆசிரமத்தில் சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. அதன் தொடர்ச்சியாக அதிகாரிகள் சோதனைக்குச் சென்றபோதுதான், அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டதாகவும் அடிக்கப்பட்டதாகவும் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகவும் வாக்குமூலங்கள் வந்தன. 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர், நிர்வாகிகள் கைதாயினர், வழக்கு சிபிசிஐடி வசம் சென்றது, தேசிய மனித உரிமை ஆணையம் தானாக முன்வந்து விளக்கம் கேட்டது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளைத் தங்கவைக்கும் எந்த நிறுவனமும் பதிவு பெற வேண்டும் என்று கட்டளையிட்டு ஐந்தாண்டுகளுக்கு மேலாகியும், அந்த இல்லம் அதற்குரிய உரிமம் இன்றியே நடந்துவந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகி இறந்தபின், இப்படி இனி நடக்காது என்று தமிழகம் நம்பியிருந்தது. குண்டலப்புலியூரின் கதவு திறந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த ஒருவரைத் தேடி வெளியே ஒருவர் இருந்தார் என்பதே. தேட ஆளில்லாதவர்கள் நிறைந்த இல்லங்களைப் பற்றி நினைக்கும்போது நெஞ்சம் பதறுகிறது.

பதிவும் உரிமமும் இருந்தால் போதும் என்ற நம்பிக்கையைப் பீகாரின் முசாபர்பூர் வழக்கு குலைத்துப்போட்டது. அரசு நிதியில், அரசின் மேற்பார்வையில் இயங்கிய சிறுமியர் காப்பகம் அது. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோனார்கள். தாள்கள் சரியாக இருந்தன. 2018ஆம் ஆண்டு மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு மாநிலக் காப்பகங்களைச் சமூகத் தணிக்கை செய்தபோதுதான், அதாவது கணக்குப் புத்தகத்தோடு நிற்காமல் அங்கு வாழ்பவர்களையே கேட்டு ஆராய்ந்தபோதுதான், சிறுமிகள் வாய்திறந்தனர். மருத்துவப் பரிசோதனையில் 30க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டது உறுதியானது. உச்சநீதிமன்றத்தின் ஆணைப்படி டில்லிக்கு மாற்றப்பட்ட அவ்வழக்கில், காப்பகத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூருக்கு 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆயுள் முழுவதற்குமான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. முன்னறிவிப்போடு வந்து, நிர்வாகியின் அறையில் தேநீர் அருந்தி, அவரையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ‘இங்கே எல்லாம் சரிதானே?’ என்று கேட்கும் ஆய்வுக்கு, உள்ளிருப்பவர் தரக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான். தனிமையில், நம்பக்கூடியவரிடம், அவசரமின்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பு முசாபர்பூரில் உண்மையைக் கொண்டுவந்தது.

பேசவே முடியாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரிலிருந்து ஒரு கசப்பான விடை கிடைத்தது. ஹசியெண்டா ஹெல்த்கேர் என்னும் நீண்டகாலப் பராமரிப்பு நிலையத்தில், பேச இயலாமல் முழுதும் பிறரைச் சார்ந்த நிலையில் பல்லாண்டுகளாக இருந்துவந்த ஒரு பெண், 2018ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தார். அவர் கருவுற்றிருந்தது பிரசவ வேளை வரை அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை என்று நிலையம் கூறியது. மரபணுச் சோதனையின் வழி, அவரைப் பராமரித்த ஆண் தாதி ஒருவர் கைதாகி, 2021ஆம் ஆண்டில் 10 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். நாள்தோறும் குளிப்பாட்டி, உணவு செலுத்தி, புரட்டிப் படுக்கவைத்த எத்தனையோ கைகளுக்கு அந்த உடல் மாதக்கணக்காகச் சொன்ன செய்தி எட்டவில்லை.

உடல் சொல்லும் செய்தியைப் படிக்கப் பழகுவதே ஆகவே முதற்பாதுகாப்பு. தொடையின் உட்புறத்திலும் மார்பிலும் மணிக்கட்டிலும் காணப்படும் கன்றல்கள், உட்காரவோ நடக்கவோ திடீரென ஏற்படும் சிரமம், உள்ளாடையில் இரத்தக்கறை, காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த் தொற்று, பால்வினை நோய்கள் ஆகியவை உடலின் அறிகுறிகள். குளிப்பாட்ட வந்தாலே மிரள்வது, குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்ததும் உடல் விறைப்பது, தூக்கமின்மை, உணவை மறுத்தல், நின்றுபோயிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல் ஆகியவை நடத்தையின் அறிகுறிகள். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக எதையும் மெய்ப்பிப்பதில்லை. இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொள்ளும் முதியவருக்குச் சிறு அழுத்தத்திலும் கன்றல் வரும், மறதிநோயாளி காரணமின்றியும் மிரளக்கூடும். ஆனால் ‘வயதானால் இப்படித்தான்’, ‘புத்தி சுவாதீனமில்லாதவர் அப்படித்தான் பேசுவார்’ என்று தள்ளிவிடுவதே குற்றவாளி எதிர்பார்க்கும் உதவி. மறதிநோயாளி நாளையும் நேரத்தையும் மாற்றிச் சொல்வதால் நிகழ்ச்சியே பொய்யாகிவிடுவதில்லை.

நிறுவனங்கள் தம்முள் ஒருவர்மீது எழும் ஐயத்தை விழுங்கிக்கொள்வது ஏழை நாடுகளின் பழக்கம் மட்டுமன்று. பிரான்சில் அறுவைச் சிகிச்சை மருத்துவராகப் பணியாற்றிய ஜோயல் லெ ஸ்குவார்னெக், 299 நோயாளிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய குற்றத்துக்காக 2025ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள், பலர் மயக்க நிலையிலோ மயக்கம் தெளியும் வேளையிலோ இருந்தவர்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களை வைத்திருந்ததற்காக 2005ஆம் ஆண்டிலேயே அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகியிருந்தது. உடன் பணிபுரிந்த ஒரு மனநல மருத்துவர் எச்சரிக்கையும் விடுத்தார். ஆயினும் மருத்துவர் தட்டுப்பாட்டில் தவித்த மருத்துவமனைகள் அவரை வேலையில் வைத்துக்கொண்டன. அவரும் ஓய்வுபெறும் வயது வரை சிகிச்சை அளித்துக்கொண்டேயிருந்தார். ஆள் பற்றாக்குறை என்ற காரணம் குருண் வட்டாரத்துச் சிறு இல்லங்களுக்கும் அயலானதன்று. குறைந்த சம்பளத்துக்கு நீண்ட நேரம் உழைக்க முன்வருபவர் கிடைத்தாலே பெரிது என்ற நெருக்கடியில், முந்தைய இடத்தை ஏன் விட்டு வந்தார் என்று விசாரிக்கும் பொறுமை இல்லாமற் போகிறது.

குழந்தைகளைப் பொறுத்தவரை மலேசியச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்க முயன்றிருக்கிறது. 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைகள் சட்டத்தின்படி குழந்தைகளுக்கு எதிராகக் குற்றம் புரிந்து தண்டனை பெற்றோரின் பதிவேடு பேணப்படுகிறது. குழந்தைகளோடு பழகும் வேலைக்கு ஆள் எடுப்போர் அதைக்கொண்டு விண்ணப்பதாரரைச் சரிபார்க்கக் கோரலாம். 2017ஆம் ஆண்டில் வந்த குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம், அதாவது சட்டம் 792, நம்பிக்கை உறவில் இருப்பவர் என்ற வகையினரைத் தனியே வரையறுத்து, பெற்றோர், ஆசிரியர், விடுதிக் காப்பாளர் ஆகியோருடன் அரசு அல்லது தனியார் துறையில் சுகாதாரச் சேவை வழங்குவோரையும் அதில் சேர்த்து, அவர்கள் குற்றம் புரிந்தால் வழக்கமான தண்டனைக்கு மேல் ஐந்தாண்டு வரை கூடுதல் சிறையும் குறைந்தது இரண்டு பிரம்படிகளும் விதிக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தும் தெரிவிக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. குழந்தையின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டாலும் அதன் அடிப்படையில் தீர்ப்பளிக்கலாம் என்றும் அச்சட்டம் சொல்கிறது. குற்றம் பெரும்பாலும் இருவர் மட்டுமே இருக்கும் அறையில் நடப்பதால், இந்த ஒரு விதியின் மதிப்பு மிகப் பெரியது.

பதினெட்டு வயதைக் கடந்த, ஆனால் குழந்தையைப் போலவே பிறரைச் சார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாடுகள் இதே முழுமையுடன் கிடைப்பதில்லை. 35 வயதான மனவளர்ச்சி குன்றிய மகளும் 80 வயதான மறதிநோய்த் தாயும் சட்டத்தின் கண்ணில் வயதுவந்தவர்கள். அவர்களுக்கு எதிரான குற்றத்தைத் தண்டனைச் சட்டம் கடுமையாகவே தண்டிக்கிறது. பாலியல் தொல்லைக்கு எதிரான 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க முடியும். இவை அனைத்தும், யாரோ ஒருவர் புகாரைக் கொண்டுவந்து சேர்த்த பின்னர் செயல்படும் கருவிகள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டம் உரிமைகளைப் பட்டியலிட்டதே தவிர, மீறுவோருக்குத் தண்டனை எதையும் வகுக்கவில்லை. பதிவு பெறாமல் இல்லம் நடத்துவோருக்குப் பராமரிப்பு மையச் சட்டம் விதிக்கும் உச்ச அபராதம் 10,000 ரிங்கிட், உச்சச் சிறை இரண்டாண்டு. கண்டுபிடித்துத் தண்டிப்பதில் காட்டும் வேகத்தை, நடக்கவிடாமல் தடுப்பதில் சட்டம் இன்னும் காட்டவில்லை என்பதே இந்த விதிகளை ஒருங்கே வைத்துப் படிப்பவருக்கு ஏற்படும் வருத்தம்.

தடுப்பது என்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமாகத் தோன்றினாலும், அதன் பெரும்பகுதி அன்றாட ஒழுங்குகளால் ஆனது. அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிக்கும்போது மூன்றாமவர் ஒருவர் உடனிருப்பது மருத்துவ உலகில் நெடுங்காலமாக வலியுறுத்தப்படும் நெறி. அவர் நோயாளியின் பாலினத்தவராகவும், நடப்பது என்னவென்று அறிந்த பயிற்சி பெற்றவராகவும் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. குளிப்பாட்டுதல், துணி மாற்றுதல் போன்றவற்றை யார், எப்போது செய்தார் என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைப்பதும், அறைக்குள் கைப்பேசி கொண்டுபோவதற்குத் தடை விதிப்பதும், வெளியிலிருந்து திறக்கக்கூடிய கதவுகளை அமைப்பதும், நோயாளியின் உடலில் காணும் ஒவ்வொரு காயத்தையும் உருவப்படத்தில் குறித்துத் தேதியிடுவதும் எந்தச் சிறிய இல்லத்துக்கும் இயலக்கூடியவை. இரவு வேலைதான் மிகவும் கவனிக்கப்பட வேண்டியது: 20 பேர் படுத்திருக்கும் இடத்தில் விடியும்வரை ஒரேயொரு பராமரிப்பாளர் என்ற ஏற்பாடு, நல்லவரையும் களைப்பில் ஆழ்த்துகிறது, தீயவருக்கோ வேண்டிய தனிமையைத் தருகிறது. இந்த ஒழுங்குகள் ஊழியரை அவமதிப்பதாகச் சிலர் குறைப்படுவதுண்டு. வீண்பழி வந்தால் நேர்மையான தாதியைக் காப்பாற்றப்போவதும் இதே பதிவேடும் இதே உடனிருந்த சாட்சியும்தான்.

ஆஸ்திரேலியாவில் முதியோர் பராமரிப்பை ஆராய்ந்த அரச விசாரணை ஆணையம், 2021ஆம் ஆண்டு தன் இறுதி அறிக்கையில், முதியோர் இல்லங்களில் சட்டவிரோதமான பாலியல் தொடுகை பற்றிய குற்றச்சாட்டுகள் வாரத்துக்கு 50 வரை இருக்கக்கூடும் என்று மதிப்பிட்டபோது, வளமும் ஒழுங்கும் மிக்க நாடு என்று தன்னைக் கருதிய அந்தச் சமூகம் அதிர்ந்தது. அவ்வாண்டு ஏப்ரல் முதல், இத்தகைய நிகழ்ச்சி எதுவாயினும் 24 மணி நேரத்துக்குள் மேற்பார்வை ஆணையத்துக்கு இல்லம் தெரிவித்தாக வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. செய்தவர் ஊழியரா, மறதிநோயால் கட்டுப்பாடிழந்த மற்றொரு நோயாளியா என்று பார்த்துத் தெரிவிப்பதைத் தவிர்க்க முடியாது. பாதிக்கப்பட்டவரின் வேதனை, செய்தவரின் நோயால் குறைந்துவிடுவதில்லை என்ற அறிவு அந்த விதியின் அடியில் இருக்கிறது.

குருண் போன்ற ஊர்களில் இந்தச் சிக்கல்களோடு மொழித்தடையும் சேர்ந்துகொள்கிறது. மறதிநோய் முற்ற முற்றப் பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவி, தாய்மொழியே எஞ்சுவது பலரிடம் காணப்படும் போக்கு. ஐம்பதாண்டுகள் மலாய் பேசிய தோட்டத்துப் பாட்டி, இறுதிக் காலத்தில் தமிழ் மட்டுமே பேசுகிறார். அவரைக் குளிப்பாட்டுபவர் இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவராயின், பாட்டி சொல்லும் முறையீடு வெறும் புலம்பலாகவே ஒலிக்கும். பார்க்க வரும் பிள்ளைகளிடம் சொன்னாலும், ‘அம்மா, இதையெல்லாம் வெளியே சொல்லாதீங்க’ என்று அடக்கிவிடும் மானவுணர்ச்சி பல குடும்பங்களில் இன்னும் வலிமையுடன் இருக்கிறது. வேறு இல்லம் கிடைக்காது, வீட்டில் பார்க்க ஆளில்லை, மாதக் கட்டணம் இதைவிட எங்கும் குறையாது என்ற கணக்குகளும் வாயைக் கட்டுகின்றன. அந்தக் குடும்பங்களைப் பழிப்பதில் பயனில்லை. புகார் கொடுத்தபின் நோயாளியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அரசு விடை வைத்திருந்தால்தான் அவர்களுக்குத் துணிவு வரும்.

ஐயம் எழுந்த வேளையில் செய்ய வேண்டியவற்றை அறிந்திருப்பது அந்தத் துணிவுக்கு ஓரளவு கைகொடுக்கும். நோயாளியைக் குளிப்பாட்டவோ உடலைக் கழுவவோ கூடாது. அணிந்திருந்த உடையைத் துவைக்காமல், ஈரம் தங்கி ஆதாரத்தைக் கெடுக்கும் பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, காகிதப் பையில் எடுத்துவைக்க வேண்டும். என்ன நடந்தது என்று திரும்பத் திரும்பத் துருவிக் கேட்பதும், ‘இன்னார்தானே செய்தார்?’ என்று பெயரை வாயில் திணிப்பதும் பின்னர் சாட்சியத்தைப் பலவீனமாக்கும். அவர் சொன்னதை அவர் சொன்ன சொற்களிலேயே, நேரம் குறித்து எழுதிவைப்பது போதும். மலேசியாவின் அரசு மருத்துவமனைகளில் அவசரச் சிகிச்சைப் பிரிவை ஒட்டி, ஓஎஸ்சிசி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஒருங்கிணைந்த நெருக்கடி மையங்கள் உள்ளன. 1990களில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கி நாடெங்கும் பரவிய இந்த ஏற்பாட்டில், சிகிச்சை, ஆதாரச் சேகரிப்பு, போலீஸ் புகார், ஆலோசனை ஆகியவற்றுக்காக நோயாளி பல வாசல்களில் அலைய வேண்டியதில்லை. குருண் மக்களுக்குத் தெற்கே சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையும் வடக்கே அலோர் ஸ்டாரின் சுல்தானா பாஹியா மருத்துவமனையும் இதற்கு உரியவை. சமூகநல உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண் உண்டு.

நோயாளி புகார் கொண்டுவரும்வரை காத்திராமல், வெளியார் உள்ளே சென்று பார்க்கும் உரிமையே இவை அனைத்துக்கும் முந்தியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, அவர்களுக்கென இயங்கும் எல்லா நிலையங்களையும் நிறுவனத்தைச் சாராத அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்று சொல்கிறது. மலேசியா அந்த உடன்படிக்கையை 2010ஆம் ஆண்டு ஏற்றபோது, கொடுமையான நடத்தையிலிருந்து பாதுகாக்கும் 15ஆவது பிரிவுக்குக் கட்டுப்பட மறுத்தாலும், 16ஆவது பிரிவை ஏற்றுக்கொண்டது. நாட்டிலேயே இதற்கு முன்மாதிரியும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனநல மருத்துவமனைகளுக்குப் பார்வையாளர் குழுக்களை நியமிக்க வழி செய்கிறது. 1911இல் தொடங்கப்பட்டு, தோட்டப்புறத் தமிழரின் பேச்சில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற ஊர்ப்பெயராலேயே அறியப்படும் பேராக்கின் பஹாகியா மருத்துவமனை போன்ற பெரிய நிலையங்களுக்கு உரிய ஏற்பாடு அது. பத்துப் படுக்கைகள் கொண்ட தாமான் இல்லங்களுக்கும் அதை நீட்டிப்பதாயின், மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற தாதியர், ஆசிரியர், தோட்டத்து மனிதர் என நான்கைந்து பேரைப் பயிற்றுவித்து, முன்னறிவிப்பின்றி எந்த நேரத்திலும் உள்ளே நுழையவும், ஊழியர் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரிடமும் தனியே பேசவும் அதிகாரம் தர வேண்டியிருக்கும். குருண் அடங்கிய கோல மூடா மாவட்டத்துக்கான குழுவில் தமிழ் பேசும் பெண் ஒருவராவது இடம்பெற வேண்டும்.